கம்பிவடத்தின் அகணி: வகையறிந்து தெரிவு செய்வதற்கும் பரிசோதிப்பதற்குமான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் கம்பிவடம் இல்லாத தொழிற்களம் அரிது. சீனன்குடாவின் இறங்குதுறைகள், கொட்பே மீன்பிடித் துறைமுகம், பலநாள் படகுகளைக் கரையேற்றும் சாய்தளங்கள், கட்டட வேலைத்தளங்களின் பாரந்தூக்கிகள், கடற்கரையோர விடுதிகளின் மின்தூக்கிகள் என எங்கும் ஏதோவொரு பாரம் ஒரு வடத்தை நம்பி நிற்கிறது. ஆனால் வடம் வாங்கச் செல்பவர் பெரும்பாலும் எத்தனை மில்லிமீற்றர், எத்தனை மீற்றர் என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார். வடத்தின் நடுவே அமைந்து, பட்டறைகளில் கோர் என்று வழங்கும் அகணி எந்த வகை என்பதே கேட்கப்படாமல் விடப்படும் மூன்றாவது கேள்வி. கடல் உப்பும் வாடைக்கால மழையும் கச்சான் காலத்து வறட்சியும் மாறி மாறித் தாக்கும் இந்த ஊரில், ஒரு வடம் எவ்வளவு காலம் பாதுகாப்பாக உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும் பங்குண்டு. வெளிக்கம்பி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அகணி கெட்டால் வடத்தை அளந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

படி 1: அகணி ஏன் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ளுதல்

கம்பிகள் சேர்ந்து ஒரு புரியாக முறுக்கப்படுகின்றன. புரிகள் சேர்ந்து வடமாக முறுக்கப்படுகின்றன. ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள கிளவுஸ்தால் சுரங்கங்களுக்காக வில்ஹெல்ம் அல்பேர்ட் 1834இல் செய்த கம்பிவடத்தில், நான்கு கம்பிகள் கொண்ட மூன்று புரிகள் மட்டுமே இருந்தன. அதற்கு அகணி கிடையாது. மூன்று புரிகளை முறுக்கினால் அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தாமாகவே நிலைத்துக்கொள்ளும். இன்று பரவலாகப் புழங்கும் ஆறு புரி வடத்தில் அவ்வாறு நிகழாது. ஒரே அளவான ஆறு வட்டங்களை ஒன்றையொன்று தொடுமாறு வளையமாக அடுக்கினால், நடுவில் இன்னொரு வட்டம் அப்படியே பொருந்தும் அளவுக்கு இடைவெளி எஞ்சும். எட்டுப் புரிகளை அடுக்கினால் அந்த இடைவெளி ஒரு புரியின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்காகிவிடும். அந்த இடத்தை நிரப்புவதே அகணி.

வடத்தில் சுமை ஏறும்போது சுருளாகச் சுற்றிய புரிகள் நேராக முயன்று நடுவை நோக்கி நெருக்குகின்றன. கப்பியின்மேல் வளையும்போதும், உருளையில் ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு ஏறும்போதும் இந்த நெருக்குதல் மேலும் கூடுகிறது. அதைத் தாங்கி, புரிகளை உரிய இடத்திலும் வடத்தை வட்ட வடிவிலும் வைத்திருப்பதே அகணியின் முதற்பணி. அந்தத் தாங்குதல் தளர்ந்தால் அடுத்தடுத்த புரிகள் ஒன்றோடொன்று உராயத் தொடங்கும். உராயும் இடங்களில் கம்பிகளில் வெட்டு விழும். புரிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில், கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில், கம்பிகள் அறும்.

மற்றப் பணிகள் அகணியின் வகையைப் பொறுத்தவை. உருக்கு அகணி சுமையிலும் ஒரு பங்கைத் தாங்குகிறது. நார் அகணி மசகெண்ணெயை உள்ளே தேக்கி, வடம் நெருக்குண்டு வளையும்போது அதைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. திடீர் அதிர்வுகளையும் ஓரளவு உள்வாங்கிக்கொள்கிறது. பாரம் தொங்கும்போது தானாகச் சுழலாதபடி அமைந்த சுழலா வடங்களில் உள்ளடுக்கே வெளியடுக்கின் முறுக்குவிசையை எதிர்த்துச் சமன்செய்கிறது.

படி 2: வகைகளை வேறுபடுத்தி அறிதல்

இயற்கை நார் அகணி: சிசல், சணல், மணிலா போன்ற நார்களால் ஆனது, எண்ணெயூட்டி, உக்காமலிருக்கப் பதப்படுத்தித் தயாரிக்கப்படுவது. புதிதாக இருக்கும்போது இதைப்போல மசகைத் தேக்கிவைக்கும் அகணி வேறில்லை. ஆனால் அந்த எண்ணெய் வற்றியபின் இதே நார் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். திருகோணமலைச் சூழலில் இதுவே இதன் பெருங்குறை. கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கிய நார், வாடைக்கால மழையையும் கடற்சாரலையும் ஈர்த்து உள்ளே வைத்துக்கொள்ளும். வெளியே கிறீஸ் பளபளக்க, உட்பக்கக் கம்பிகள் துருவேறிக்கொண்டிருக்கும்.

செயற்கை நார் அகணி: பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன். ஈரத்தை உறிஞ்சாது, உக்காது. இயற்கை நாரளவு மசகைத் தேக்காதபடியால், வெளியிலிருந்து எண்ணெயிடுவதைத் தவறாமல் செய்யவேண்டும். கடலோரத்தில் நார் அகணிதான் வேண்டுமென்றால், மின்தூக்கி போன்ற சிறப்புப் பயன்பாடுகள் நீங்கலாக, நான் இதையே விரும்புவேன்.

தனி வட உருக்கு அகணி: வடத்துக்குள்ளே ஒரு சிறிய கம்பிவடமே அகணியாக அமைந்திருக்கும். ஐ.டபிள்யூ.ஆர்.சி. என்று விவரத்தாள்களில் குறிக்கப்படுவது இதுவே. ஆறு புரிகளும் நடுவே ஒரு புரியுமாக, ஒவ்வொன்றிலும் ஏழு கம்பிகள் கொண்ட அமைப்பு இதில் மிகப் பரவலானது. நெருக்குதலையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும்.

புரி அகணி: நடுவில் ஒரு தனிப் புரி மட்டும் இருக்கும், விவரத்தாளில் டபிள்யூ.எஸ்.சி. எனக் காணப்படும். சிறிய விட்ட வடங்களிலும், கம்பங்களையும் பாய்மரங்களையும் இழுத்துக் கட்டும் நிலையான வடங்களிலும் இதைக் காணலாம். வடத்தின் குறியீட்டில் முதல் எண் புரிகளையும் இரண்டாம் எண் ஒவ்வொரு புரியிலுமுள்ள கம்பிகளையும் குறிக்கும்; 7×7, 7×19 என்று விற்கப்படும் வடங்கள் உண்மையில் ஆறு வெளிப்புரிகளும் ஒரு புரி அகணியும் கொண்டவை.

பிளாஸ்ரிக் உறையிட்ட உருக்கு அகணி: உருக்கு அகணிக்கும் வெளிப்புரிகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்ரிக் படை இருக்கும். உலோகம் உலோகத்தோடு உராய்வதை அது தடுக்கிறது; உள்ளிருக்கும் கிறீஸை வெளியேறவிடாமலும், நீரையும் மணலையும் உள்ளே புகவிடாமலும் காக்கிறது. இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கன் கலந்த கனிம மணல் கிடைக்கும் புல்மோட்டைப் பக்கம் வேலை செய்யும் இயந்திரங்களுக்கு இது மிகவும் ஏற்றது. அந்த மணல் புரிகளுக்கிடையே புகுந்தால் அரத்தைப்போல் அராவிவிடும். குறை என்னவென்றால், உறைக்குள் இருக்கும் அகணியை எவராலும் பார்க்க இயலாது.

கப்பல்களில் கட்டுவடமாகப் பயன்படும் 6×24 வடம் தனித்து அறியப்படவேண்டியது. அதில் நடுவே ஒரு நார் அகணியும், ஆறு புரிகள் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு நார் அகணியுமாக மொத்தம் ஏழு நார் அகணிகள் உள்ளன. கையாள மிக இசைவானது. ஆயினும் உலோகத்தின் பங்கு குறைவாதலால் அதே விட்டமுள்ள வேறு வடத்தின் வலிமை அதற்கு இராது. பாரந்தூக்கியில் அதைப் பூட்டக்கூடாது.

படி 3: கையிலுள்ள வடத்தின் அகணியை இனங்காணுதல்

விவரத்தாள் அல்லது சான்றிதழ் இருந்தால் அதையே முதலில் வாசிக்கவேண்டும். 6×36 என்ற எண்ணுக்குப் பின்னால் எஃப்.சி. என்றிருந்தால் நார் அகணி. அதன் முன் என். சேர்ந்தால் இயற்கை நார், எஸ். சேர்ந்தால் செயற்கை நார். சான்றிதழ் இல்லாத வடத்தை வெட்டித்தான் பார்க்கவேண்டும். வெட்டும் இடத்தின் இருபுறமும், வட விட்டத்தின் இரு மடங்குக்குக் குறையாத நீளத்துக்கு, மென்கம்பியால் இறுகச் சுற்றியபின்பே வெட்டுதல் வேண்டும். இல்லையேல் புரிகள் பிரிந்து முறுக்குக் குலைந்துவிடும். வெட்டிய துண்டில் ஒரு புரியைக் கழற்றினால் அகணி தெரியும். பழுப்பு நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது இயற்கை நார். வழுவழுப்பான இழைகளாக இருப்பது செயற்கை நார்.

ஐயம் நீங்காவிட்டால் சிறிதளவு நாரை எடுத்து எரித்துப் பார்க்கலாம். சிசல் காகிதத்தைப்போல் எரிந்து சாம்பலாகும். பொலிபுரொப்பிலீன் உருகி மணியாகத் திரளும். எண்ணெய்க் குதங்கள் இருக்கும் சீனன்குடாப் பக்கத்திலோ, எரிபொருள் ஏற்றிய படகின் அருகிலோ இந்தச் சோதனையை எண்ணிப் பார்க்கவும் கூடாது. துண்டைப் பட்டறைக்குக் கொண்டுசென்று அங்கே செய்யவேண்டும்.

படி 4: கணக்கிட்டுத் தெரிவு செய்தல்

வடத்தின் குறைந்தபட்ச அறுவிசையைக் காணும் சூத்திரம் எளிமையானது. விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து வர்க்கமாக்கி, கம்பியின் இழுவலிமைத் தரத்தாலும் வடத்துக்குரிய கெழுவாலும் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் விடை கிலோநியூற்றனில் வரும். ஐரோப்பியத் தரநிலையின்படி 6×36 வகை வடத்துக்கு அந்தக் கெழு, நார் அகணியாயின் 0.330, தனி வட உருக்கு அகணியாயின் 0.356. 1770 தரமுள்ள (சதுர மில்லிமீற்றருக்கு 1770 நியூற்றன் இழுவலிமையுள்ள கம்பியாலான) 16 மில்லிமீற்றர் வடத்தை எடுத்துக்கொண்டால், நார் அகணியோடு 149.5 கிலோநியூற்றனும், உருக்கு அகணியோடு 161.3 கிலோநியூற்றனும் கிடைக்கும். பாதுகாப்புக் காரணி 5 எனக் கொண்டால் அனுமதிக்கத்தக்க சுமை முறையே ஏறத்தாழ 3.05 தொன், 3.29 தொன். நூறு மீற்றர் வடத்தின் நிறையோ 94 கிலோகிராமிலிருந்து 105 கிலோகிராமுக்கு உயர்கிறது.

ஆகவே ஆறு புரி வடத்தில் உருக்கு அகணி தரும் கூடுதல் வலிமை எட்டு வீதம் மட்டுமே. அந்த எட்டு வீதத்துக்காக உருக்கு அகணியை வாங்குவது, அதை வாங்குவதற்கான உண்மைக் காரணத்தைத் தவறவிடுவதாகும். நெருக்குதலில் நசுங்காமையே அதன் சிறப்பு. உருளையில் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளாகச் சுற்றப்படும் எந்த வடத்துக்கும், ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கைக் கடக்கும் இடங்களில் கடும் நெருக்குதல் ஏற்படும். அங்கே நார் அகணி நசுங்கி வடம் தட்டையாகிவிடும். படகுகளைக் கரையேற்றும் வின்ச்சுகளில் இழுவை பெரிது, உருளை சிறிது, அடுக்குகள் பல. இவற்றில் நார் அகணி வடத்தைப் பூட்டுவது விலையில் மிச்சப்படுத்தி ஆயுளில் இழப்பதாகவே முடியும். நாகப் பூச்சிட்ட கம்பியும் உருக்கு அகணியும், இயன்றால் பிளாஸ்ரிக் உறையும் சேர்ந்த வடமே அங்கே பொருந்தும்.

எட்டுப் புரி வடத்தில் நிலைமை வேறு. நடு இடைவெளி பெரிதாதலால் நார் அகணி இடும்போது கெழு 0.293ஆக இறங்குகிறது, உருக்கு அகணி இட்டால் அதே 0.356. இரண்டுக்கும் இருபது வீதத்துக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. அப்படியிருந்தும் மின்தூக்கிகளில் சிசல் அகணி இட்ட எட்டுப் புரி வடம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. மின்தூக்கி வடம் ஒற்றை அடுக்காகக் கப்பிமேல் ஓடி உராய்வினாலேயே இழுக்கப்படுவதால், மசகு அளவாகக் கசிவதும் வடம் கப்பியின் தவாளிப்பில் இசைந்து அமர்வதும் அங்கே தேவை. உற்பத்தியாளர் குறித்த வகையைத் தவிர வேறெதையும் மின்தூக்கியில் பூட்டக்கூடாது.

நார் அகணி வடம் வளைந்துகொடுக்கும், உருக்கு அகணி வளையாது என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இதில் உண்மை சிறிதளவே. வடத்தின் நெகிழ்வைப் பெரிதும் தீர்மானிப்பது புரியிலுள்ள கம்பிகளின் எண்ணிக்கை. உருக்கு அகணியிட்ட 6×36 வடம், நார் அகணியிட்ட 6×7 வடத்தைவிட எளிதாக வளையும். நெகிழ்வு வேண்டுவோர் கம்பி எண்ணிக்கையைக் கூட்டவேண்டுமேயன்றி அகணியை மாற்றிப் பயனில்லை.

வெப்பமும் கணக்கில் வரவேண்டும். ஐரோப்பியத் தரநிலையின்படி, பாரத்தைக் கட்டித் தூக்கும் துண்டு வடங்களான சிலிங்குகளில் நார் அகணி உள்ளவற்றை 100 பாகை செல்சியசுக்கு மேல் பயன்படுத்தலாகாது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, 93 பாகையைக் கடந்த வெப்பத்துக்கு உள்ளான நார் அகணி சிலிங்கை நிரந்தரமாக விலக்கச் சொல்கிறது. உருக்கு அகணியாயினும், அலுமினியக் கவசத்தால் முனை இறுக்கப்பட்டிருந்தால் எல்லை 150 பாகையே. வெட்டியொட்டும் வேலை நடக்கும் இடங்களில் சூடான இரும்பை நார் அகணி சிலிங்கால் தூக்குவது ஆபத்தானது; உள்ளே நார் கருகியதை வெளியிலிருந்து காண வழியில்லை.

நீட்சியும் சில வேலைகளில் முக்கியமாகும். புதிய வடம் முதற்சுமைகளின்போது இறுகி நிலையாக நீளும். அந்த நீட்சி ஆறு புரி நார் அகணி வடத்தில் நூறு மீற்றருக்கு 50 முதல் 75 சென்ரிமீற்றர் வரையும், உருக்கு அகணியில் 25 முதல் 50 சென்ரிமீற்றர் வரையும் இருக்கலாம். நிலையாக இழுத்துக் கட்டும் வடங்களுக்கு உருக்கு அகணியையோ புரி அகணியையோ கொள்வது இதனாலேயே.

உயரமான கோபுரப் பாரந்தூக்கிகளின் கொளுக்கி வடம் சுழலா வகையைச் சேர்ந்தது. 19×7, 35×7 போன்ற அவ்வடங்களின் உள்ளடுக்குகள் வெளியடுக்குக்கு எதிர்த்திசையில் முறுக்கப்பட்டவை. அடுக்குகள் குறுக்காகக் கடக்கும் இடங்களில் உள்ளேயே கம்பிகள் அறக்கூடும் என்பதால், இவற்றுக்குப் பரிசோதனை விதிகள் மேலும் கடுமையானவை.

படி 5: முனைகளை அகணிக்கு ஏற்ப அமைத்தல்

அகணி மாறினால் முனையமைப்பும் மாறவேண்டும். ஒரே விட்டமுடைய இரு வடங்களில் உருக்கு அகணி உடையதில் உலோகம் அதிகம். ஆகவே அலுமினியக் கவசம் நசுக்கிப் பொருத்தும்போது, நார் அகணி வடத்துக்கு எடுக்கும் அளவைவிட அடுத்த பெரிய அளவை எடுக்கவேண்டும். உருக்கிய நாகமோ பிசினோ வார்க்கும் கூம்புக் குழியில் கம்பிகளை விரிக்கும்போது, அந்தப் பகுதியிலுள்ள நாரையும் பிளாஸ்ரிக் உறையையும் வெட்டி நீக்கிவிடவேண்டும். உருக்கு அகணியாயின் அதன் கம்பிகளையும் சேர்த்து விரிக்கவேண்டும். யூ-கிளிப் இட்டு முனை கட்டும்போது, சேணம் (வளைந்த யூ கம்பிக்கு எதிரே வடத்தைத் தாங்கும் பள்ளமான பகுதி) சுமை தாங்கும் பக்கத்தில் இருக்கவேண்டும். முதற்சுமை ஏற்றியபின் அகணி அமுங்கி வடம் மெலியுமாதலால் மரைகளை மீண்டும் இறுக்கவேண்டும். நார் அகணியில் இந்த மெலிவு கூடுதலாக இருக்கும்.

படி 6: பருவத்துக்கு ஏற்பப் பேணுதல்

வாடைக்கால மழை தொடங்குமுன் எல்லா வடங்களுக்கும் எண்ணெயூட்டி முடித்துவிடுவது இவ்வூருக்குப் பொருத்தமான ஒழுங்கு. கடல்நீர் பட்ட வடத்தை நன்னீரால் கழுவி, நன்றாக உலரவிட்டு, கம்பித் தூரிகையால் பழைய அழுக்கை நீக்கியபின்பே மசகிடவேண்டும். ஈரத்தின்மேல் கிறீஸ் பூசினால் உப்பு உள்ளேயே சிறைப்படும். கட்டியான கிறீஸ் வெளியே படியுமேயன்றி அகணியை எட்டாது. ஊடுருவும் தன்மையுள்ள, கம்பிவடத்துக்கென்றே தயாரித்த மெல்லிய மசகெண்ணெயை, வடம் கப்பிமேல் வளைந்து புரிகள் சற்றே திறக்கும் இடத்தில் ஊற்றவேண்டும்.

பழைய என்ஜின் ஒயிலை வடத்துக்குப் பூசும் பழக்கம் நம் கரைகளில் உண்டு. அதிலுள்ள அமிலமும் உலோகத் துகளும் கம்பியை அரிக்கும். நார் அகணி அதை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். இந்தப் பழக்கத்தை அடியோடு விடவேண்டும்.

படி 7: அளந்து பரிசோதித்தலும் கழித்தலும்

அகணியைப் பார்க்கமுடியாதென்றாலும் அளக்கமுடியும். வேணியர் இடுக்கியை எதிரெதிர்ப் புரிகளின் முகட்டில் வைத்து, ஓர் இடத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து, ஒரு மீற்றராவது தள்ளி மறுபடியும் அளந்து, சராசரி எடுக்கவேண்டும். பள்ளத்தில் வைத்து அளந்தால் அளவு குறைவாகவே வரும். புதிய வடம் குறித்த விட்டத்தைவிட ஐந்து வீதம் வரை பருமனாக இருக்கலாமாதலால், பூட்டிய தொடக்கத்திலேயே அளந்து பதிந்த எண்ணே பின்னர் ஒப்பிடுவதற்கு உரியது.

பாரந்தூக்கி வடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4309 தரநிலை, விட்டம் சீராகக் குறைவதை அகணி வகைக்கேற்ப மதிப்பிடுகிறது. புரிகள் ஒரே அடுக்காக அமைந்த நார் அகணி வடத்தைப் பத்து வீதக் குறைவிலும், உருக்கு அகணி வடத்தை ஏழரை வீதத்திலும், சுழலா வடத்தை ஐந்து வீதத்திலும் கழிக்கவேண்டும். 16 மில்லிமீற்றர் வடம் தொடக்கத்தில் 16.4 இருந்து இப்போது 15.2 ஆகிவிட்டதென்று கொள்வோம். குறைவு 1.2, அதைப் பெயரளவு விட்டமான 16ஆல் வகுத்தால் ஏழரை வீதம். நார் அகணியாயின் அந்த வடம் நெருங்கிய கண்காணிப்போடு இன்னும் உழைக்கலாம். உருக்கு அகணியாயின் அன்றே இறக்கப்படவேண்டும். எந்த அகணி என்பது தெரியாதவர் இந்த முடிவை எடுக்கவே முடியாது.

சீரான குறைவன்றி ஓரிடத்தில் மட்டும் புரி உள்ளே அமிழ்ந்திருந்தால், அங்கே அகணி அறுந்துவிட்டதென்றே கொண்டு உடனே கழிக்கவேண்டும். அகணி புரிகளுக்கிடையே வெளியே பிதுங்கினாலும், கூண்டுபோல் புரிகள் விரிந்தாலும் அவ்வாறே. பள்ளங்களில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி வடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவரும் நீளம்) இரண்டு கம்பிகள் அறுந்திருப்பதும் கழிப்பதற்குப் போதிய காரணம். பள்ளங்களிலிருந்து செம்பொடி கசிவதும், முறுக்கு நீளம் முன்னையதைவிட நீண்டிருப்பதும், அகணி தளர்ந்துவிட்டதை முன்கூட்டியே காட்டும் அடையாளங்கள்.

பயன்படுத்தி முடித்த வடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடவேண்டும். முழுதாக விட்டால் யாரேனும் எடுத்துப் படகு கட்டவோ பாரம் தூக்கவோ பயன்படுத்தக்கூடும். அவற்றில் கப்பிமேல் அதிகம் ஓடிய பகுதியிலிருந்து ஒரு மீற்றர் துண்டைத் தனியே எடுத்து, புரிகளைக் கழற்றி, அகணியின் நிலையைப் பதிவேட்டில் எழுதவேண்டும். நார் காய்ந்து பொடியாகிறதா, ஈரமாயிருக்கிறதா, உருக்கு அகணியின் கம்பிகள் வெளிப்புரிகள் அழுத்திய இடங்களில் வெட்டுண்டிருக்கின்றனவா என்பவற்றைக் குறித்துவைத்தால், அடுத்த வடத்துக்கான கொள்வனவுக் கட்டளையில் அகணி வகையை எதன் அடிப்படையில் எழுதுவது என்பது தெளிவாகும்.